தரையைத் தொடாத டயர்

கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துவிடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு உள்ள வியாதி. பொட்டலம் மடித்த காகிதம், மருந்துக் குப்பியின் அடியில் உள்ள பொடி எழுத்து, பஸ் டிக்கெட்டின் முதுகு, எதையும் விடுவதில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு வண்டியின் நான்கு சக்கரங்களிலும் எழுதியிருந்ததை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. படிக்க வைத்தது 2025 அக்டோபரில் பெய்த மழை.

வண்டி, என் மாமனார் 2009ல் வாங்கிய பொலேரோ. குலசேகரத்தில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் ஏற்றவும் உறவினர் கல்யாணங்களுக்குப் போகவும் வாங்கிய வண்டி. பதினைந்து ஆண்டு முடிந்து, மறுபதிவும் ஆகிவிட்டது. இப்போது அதற்கு ஒரே வேலை. மாதம் இருமுறை மாமியாரைத் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்கு அழைத்து வருவது. முந்தைய நாளே நான் ஊருக்குப் போய், விடிகாலையில் ஓட்டி வருவேன். காரில் குனிந்து ஏற அவரால் முடியாது. உயரமான இந்த வண்டிதான் அவருக்குத் தோது.

அன்று களியக்காவிளை தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ஒரு வளைவில் சாலை முழுக்கத் தண்ணீர். வேகம் அறுபதுகூட இருக்காது. திடீரென்று ஸ்டியரிங் கையில் எடை இல்லாமல் போயிற்று. பின்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். எதிரே வந்த பஸ்ஸின் ஓட்டுநர் புண்ணியவான், முன்கூட்டியே கவனித்து நிறுத்தியிருந்தார். பின் இருக்கையிலிருந்து மாமியார் "என்ன மக்களே?" என்று மட்டும் கேட்டார். "ஒண்ணுமில்லை அத்தை, தண்ணி" என்றேன். அதற்கு மேல் பேசக் குரல் வரவில்லை.

டயரில் பட்டன் இல்லாததால் வண்டி வழுக்கியது என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். பட்டன் இருந்தது. இந்தியச் சட்டப்படி காரின் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94வது விதி அது. எங்கள் டயரில் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கரமனையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். "பட்டன் உண்டு சாரே. உயிருதான் இல்ல" என்றார். டயரின் விலாவில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1516. "2016ல பதினஞ்சாவது ஆழ்ச்ச." ஆழ்ச்ச என்றால் வாரம். அந்த டயர் பிறந்த தேதி அது. உலகம் முழுக்க 2000க்குப் பிறகு தயாரான டயர்களில் இப்படித்தான் குறிக்கிறார்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விலாவை விரலால் வளைத்துக் காட்டினார். பொடிப் பொடியாக வெடிப்பு.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ரப்பரு வெயில்ல கிடந்தாலும் கெடும், வீட்டுல கிடந்தாலும் கெடும் மருமகனே" என்றார். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக வைக்கின்றன. இதைத் தடுக்க டயருக்குள் ஒருவித மெழுகு சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போதுதான் அந்த மெழுகு மேலே கசிந்து வந்து காவல் காக்கும். ஆக, அதிகம் ஓடாத வண்டியின் டயருக்கு ஆயுள் கெட்டி என்று நாம் நினைப்பது தவறு. மாதம் இருமுறை வெளியே வரும் பழைய வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடு தட்டிவிடும். இறுகிய ரப்பர் நனைந்த சாலையைக் கவ்வாது. ஆறு ஆண்டானால் மாற்றிவிடுங்கள் என்று பல கார் நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கடைசிக் கெடு பத்தாண்டு.

சரி, மாற்றுவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

மச்சினன் பொறியியல் படித்தவன். "அத்தான், 235 போடுவோம். ஆல் டெரெய்ன். வண்டி கம்பீரமா இருக்கும்" என்றான். மாமனாருக்கு ரீசோல் போதும் என்று அபிப்பிராயம். "வண்டியை வித்தா ஒண்ணரை லட்சம் தேறுமா? அதுக்குப் புது டயரா?" எனக்கோ, கடைக்காரர் தருவதை மாட்டிக்கொண்டு வந்தால் போதும் என்ற எண்ணம்.

முதலில் மச்சினன் கட்சி. எங்கள் டயரில் எழுதியிருந்தது 215/75 R15 100S. இதில் மர்மம் ஒன்றுமில்லை. 215 மில்லிமீட்டர் அகலம். அதில் 75 சதவீதம் விலாவின் உயரம். R என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 100 என்ற குறியீட்டுக்கு ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம். S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. இதில் 215ஐ 235 ஆக்கினால் டயரின் மொத்த உயரம் 30 மில்லிமீட்டர் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி 104ல் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசலாம். டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

ஆல் டெரெய்ன் என்பது சேற்றுக்கும் கல்லுக்குமான டயர். பெரிய பட்டன்கள், அகன்ற பள்ளங்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் நனைந்த தார்ச் சாலையில் நிற்பதற்கு, நெடுஞ்சாலைக்கென்றே செய்த எச்.டி. டயர்தான் பொதுவாக நல்லது. தண்ணீரை வெளியே தள்ளும் நீள வாய்க்கால்கள் அதில் உண்டு. எங்கள் வண்டி போகும் வழி என்ன? குலசேகரத்திலிருந்து திருவனந்தபுரம். முழுக்கத் தார். எப்போதாவது பொன்முடி. அங்கேயும் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டே தவிர, சேறு இல்லை. ஆனால் மழை உண்டு. இடவப்பாதியில் ஒன்று, துலாத்தில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. டயரை நம் கற்பனையில் உள்ள காட்டுக்காக வாங்கக்கூடாது, வாசலில் உள்ள சாலைக்காக வாங்க வேண்டும். மச்சினன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கௌரவமாகப் பின்வாங்கினான்.

மாமனாரின் ரீசோல் வாதத்தை அப்படித் தள்ள முடியவில்லை. ரீசோல் கேவலமான சமாச்சாரம் அல்ல. அரசு பஸ்கள் அதில் ஓடுகின்றன. விமான டயர்களுக்கே மேல்பட்டை மாற்றுகிறார்கள். 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1952ல் இறங்கியது ரீசோலுக்கான ரப்பரில்தான். முழு டயர் வந்தது 1961ல். ஆனால் லாரி, விமான டயர்களின் கூடு, மறுபடி பட்டை ஒட்டுவதற்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதைப் பரிசோதிக்க ஆள் உண்டு. ஒன்பது வயதில் விலா வெடித்த எங்கள் டயருக்கு மேல்பட்டை மாற்றுவது, இற்றுப்போன சட்டைக்குப் புதுப் பொத்தான் தைப்பது மாதிரி.

மேல்பட்டை பிய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்.யு.வி.யில் ஓடியவை. ஓடும்போதே பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 270க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவை புது டயர்களாக விற்கப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. குற்றம் டயரிலா வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் சண்டையிட்டன. காற்று 26 பவுண்டு என்றது ஃபோர்டு, 30 என்றது ஃபயர்ஸ்டோன். நமக்கு இதில் பாடம் இரண்டு. உயரமான வண்டியில் டயர் கைவிட்டால், தாழ்ந்த காரைவிட எளிதில் கவிழும். காற்று குறைந்தால் டயர் சூடேறிச் சாகும். எவ்வளவு காற்று என்பது வண்டியின் கதவோரம் ஒட்டிய சீட்டில் இருக்கும். டயரின் விலாவில் உள்ள எண் அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக்கூடாது. அடிப்பதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். விலை நன்றாகவே குறைத்தார்கள். 2025 செப்டம்பரில் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதற்கும் மேலே தள்ளுபடி. பளபளவென்று கறுப்பு, மீசை ரோமம் உதிராத டயர். பழைய வியாதி கைகொடுத்தது. குனிந்து படித்தேன். நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு 22. மூன்று வயது. "கம்பெனி பாக்கிங் சார், தரையைத் தொடவே இல்லை" என்றார் விற்பனையாளர். நன்றாகப் பாதுகாத்த டயர் ஓரிரு ஆண்டு கிடங்கில் இருந்தால் குடி முழுகாது. ஆனால் மாதம் இருமுறை ஓடும் வண்டிக்கு அதன் ஆயுளில் பாதியைக் கிடங்கிலேயே கழித்த டயர் எதற்கு? வேறு கடையில் ஆறு மாதத்துக்குட்பட்ட டயர் கிடைத்தது. அதே 215/75 R15, எச்.டி., ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு.

இரண்டு போதுமா என்று அங்கே ஒரு விவாதம் நடந்தது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்னால் மாட்ட வேண்டும். முன்னால் மாட்டுவதுதான் நம் ஊர் வழக்கம், பார்வைக்கும் அதுதான் சரி. ஆனால் ஈரத்தில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும், திருப்பி நேராக்கச் சாதாரண ஓட்டுநரால் முடியாது. நெய்யாற்றின்கரைக்கு முன்னால் எனக்கு நடந்தது அதுதான். எங்களுக்கு நான்கும் ஒரே வயது என்பதால், நான்கையும் மாற்றினோம்.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது: "ஸ்டெப்னி நோக்கியோ சாரே?" ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். 1904ல் அங்கே ஒரு கடையில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் இந்தியாவில் பொருளுக்கே நிலைத்துவிட்டது. எங்கள் ஸ்டெப்னி பின்கதவில் உறை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. உறையைக் கழற்றினோம். பட்டன் முழுசாக, தொழிற்சாலையில் பூசிய கோடுகூட அழியாமல் இருந்தது. எண் 0809. பதினாறு ஆண்டுகளாக ஒருமுறையும் தரையைத் தொடாத டயர். விலாவை அழுத்தினால் பட்டாணி வறுத்த மாதிரி நொறுங்கியது. நடுராத்திரி பஞ்சர் ஆகியிருந்தால் இதை மாட்டி, மாமியாரை ஏற்றிக்கொண்டு நான் நிம்மதியாக ஓட்டியிருப்பேன். ஐந்தாவது டயருக்கும் பணம் கட்டினார் மாமனார். முணுமுணுக்கவில்லை.

கிளம்பும்போது கடைப் பையன் பழையதுக்கு விலை சொன்னான். ஒன்றுக்கு நானூறு. "பட்டன் நல்லா இருக்கு சார். மலையோரத்து ஜீப்புக்குப் போயிடும்." ஐந்துக்கு இரண்டாயிரம். வீட்டுக்குக் கொண்டுபோனால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளர்ப்பதைத் தவிர அதனால் பயனில்லை. கொடுத்துவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது.

ரீசோலுக்காக வாதாடிய அதே மாமனார் சற்று நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு கழட்டினதை அடுத்தவன் பிள்ளைக்கு மாட்டிவிடவா?" என்றார். பையனிடம் கத்தியைக் கேட்டு, ஐந்து டயரின் விலாவையும் அவன் கையாலேயே கீறச் சொன்னார். பையன் எங்களை விநோதமாகப் பார்த்தான். கீறிய டயர்கள் கழிவு ரப்பராகப் போயின.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். பட்டனைப் பார்த்துத் திருப்தி அடையாமல், குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள். உறைக்குள் தொங்கும் ஸ்டெப்னியிலும்.

அடுத்த முறை மாமியாரை அழைத்து வந்தபோது, பாறசாலையில் மழை பிடித்தது. அந்த வளைவில் அதே தண்ணீர் நின்றது. நாற்பதில் போனேன். ஸ்டியரிங் கையில் கனமாகவே இருந்தது. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.