நாய்க்கடியும் வேலைத்தள விபத்துதான்



கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அண்மையில் சங்கக் காரியாலயத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். காலையில் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் வழியில், உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து பாய்ந்து வந்த நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. இடையில் திரும்பினால் பேர் பாதியாகிவிடும் என்று பயந்து, காயத்தில் கோப்பித்தூளை அப்பி, துணியால் கட்டிக்கொண்டு மாலை வரை கொழுந்து பறித்திருக்கிறார். மறுநாள் கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி, மருந்து, மறுபடி ஊசி என்று அலைந்ததில் பதினெட்டு நாள் வேலை இல்லை. சம்பளமும் இல்லை.

நாயின் சொந்தக்காரர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கடதாசியும் வந்தது. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்த அந்தக் கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். செக்ரோலில் அந்தப் பதினெட்டு நாளும் வெறுமனே “வரவில்லை” என்று இருக்கிறது. விபத்து நடந்ததற்கு ஒரு வரிகூட எங்கும் இல்லை. விசாரித்தபோது, “நாய் கடித்ததற்குத் தோட்டம் என்னம்மா செய்யும்?” என்று பதில் வந்ததாம்.

தோட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம். நம்மில் பலரும் அந்தத் தாயைப் போலவே, நாய்க்கடியைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்கிறோம். கத்தி வெட்டினால், லொறி சாய்ந்தால், மெஷினில் கை மாட்டினால் விபத்து என்கிறோம். நாய் கடித்தால் மட்டும் “கெட்ட நேரம்” என்கிறோம்.

முதலில் உயிர்

சட்டத்துக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. வெளிப்படுவதற்கு முன் தடுக்க மருந்து உண்டு. அந்த மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எனவே கடித்தவுடனே செய்ய வேண்டியது, காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. பீலித் தண்ணீர் போதும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அதன் பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நகம் கீறினாலும், புண்ணில் நாய் நக்கினாலும் போய்க் காட்டுங்கள். பூனை கடித்தாலும் அப்படித்தான். டாக்டர் குறித்துக் கொடுக்கும் எல்லாத் திகதிகளிலும் ஊசியைப் போட்டு முடியுங்கள். முதல் ஊசியோடு வலி குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். அதைக் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனிக்க முடிந்தால் டாக்டருக்கு அது உதவும். நாய் செத்தாலோ காணாமற்போனாலோ உடனே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். நாயைக் கவனிப்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமல்ல.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் சிலர் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். நாய் கடித்தால் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது, “வீட்டில் சொல்ல மாட்டேன், அம்மா ஏசுவார்” என்று ஒரு பிள்ளை சொன்னது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றோரே, நாய் கடித்ததென்று பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். அன்றைக்குப் பேர் போனாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய்க்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் வேலைக்கு முதலாளி உண்டு

இனி உரிமைக்கு வருவோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் நடந்த விபத்தில் தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டால், அதற்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளி என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை.

இதன் பொருளை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போதோ, புல்லு வெட்டும்போதோ, கொழுந்து நிறுக்கப் போகும்போதோ, இரவுக் காவலில் நிற்கும்போதோ நாய் கடித்தால், முதல் கேள்வி “யாருடைய நாய்?” என்பதல்ல. “அந்த நேரத்தில், அந்த இடத்தில் நீங்கள் ஏன் நின்றீர்கள்?” என்பதுதான். தோட்டத்து வேலைக்காக நின்றோம் என்றால் சட்டத்தின் கதவைத் தட்ட நமக்கு இடமிருக்கிறது. தெருநாய்க்குச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் வேலைக்கு ஒரு முதலாளி இருக்கிறார்.

2022இல் இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அதில் சேர்க்கப்பட்டது. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும் மலைக்கும் ஒற்றையடிப் பாதையில் இருட்டோடு நடக்கும் நமக்கு இது முக்கியமான திருத்தம். நட்டஈட்டின் உச்ச எல்லையும் அப்போது 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதற்காக நாய்க்கடிக்கு 20 இலட்சம் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். உயிரிழப்பு, நிரந்தர ஊனம், சில காலம் வேலை செய்ய முடியாத நிலை என்று காயத்தின் கனத்தையும் சம்பளத்தையும் வைத்தே தொகை கணக்கிடப்படும். ஓரிரு நாளில் ஆறிவிடும் கீறலுக்கு இந்தச் சட்டத்தில் எதுவும் கிடைக்காது. பதினெட்டு நாள் படுத்திருந்த அந்தத் தாயின் கதை அப்படியல்ல.

நிர்வாகம் மறுக்கலாம். நாய் கடித்ததற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடலாம். குடித்திருந்தார், வேண்டுமென்றே கட்டளையை மீறினார் என்றும் சொல்லிப் பார்க்கலாம். இந்த வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். அவர் முன்னால் நம் வாய்ச்சொல் மட்டும் நிற்காது. எழுத்து நிற்கும். சாட்சி நிற்கும். கைக்காசுக்குப் பறிப்பவர்களும் கொந்தரப்பு வேலை செய்பவர்களும் தங்களுக்கு இந்த உரிமை இல்லை என்று தாங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். சங்கத்தில் வந்து கேளுங்கள்.

அன்றைக்கே எழுத்து

அந்தத் தாயின் விடயத்தில் நாம் தடுமாறியது சட்டம் இல்லாமல் அல்ல. எழுத்து இல்லாமல்தான். ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கடித்த உடனே கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்ல வேண்டும். பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: அன்றைக்கே அல்லது மறுநாள் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், மலை, என்ன வேலை, எங்கே காயம் என்பவை போதும். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: ஆஸ்பத்திரியில் விபரம் கேட்கும்போது, எங்கே, எந்த வேலையில் கடிபட்டது என்பதையும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, ஊசி அட்டை, டயக்னோசிஸ் கார்ட், மருத்துவச் சான்றிதழ், பஸ் டிக்கெட், ஆட்டோவுக்குக் கொடுத்த காசின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். காயத்தைப் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

நான்கு: வளர்ப்பு நாய் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.

ஐந்து: விளங்காத கடதாசியில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளியிடம் எழுதி வாங்கும் உடன்படிக்கையைத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஏற்பதில்லை. ஆனாலும் அப்படியொரு கடதாசி வெளியில் கிடந்தால் வீண் தொல்லைதான். மனிதாபிமானத்தோடு யாராவது மருந்துக்குக் காசு தந்தால் வாங்கிக்கொள்ளலாம். “மருந்துச் செலவுக்காக மட்டும்” என்று எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

நாயின் சொந்தக்காரர் மேல் வழக்கு

கடித்தது வளர்ப்பு நாய் என்றால் இன்னொரு வழியும் உண்டு. நாய் கடிக்கும் சுபாவமுள்ளது என்று தெரிந்திருந்தும் கட்டி வைக்கவில்லை, படலையைத் திறந்து விட்டார் என்பதைக் காட்ட முடிந்தால், சொந்தக்காரரிடம் மருந்துச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை ஆகியவற்றுக்காகச் சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். இதற்கு முன் அதே நாய் யாரையாவது கடித்திருந்தால் அவருடைய சாட்சி பெறுமதியானது. தன்னிடமுள்ள விலங்கினால் மனிதருக்கு ஆபத்து வராதபடி கவனம் எடுக்காமல் விடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமும் ஆகும். நாயைச் சீண்டியவருக்கும், அனுமதியில்லாமல் வளவுக்குள் புகுந்தவருக்கும் வழக்கு கடினமாகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு வருடம். எல்லாவற்றுக்கும் நீதிமன்றம்தான் என்றில்லை. சிறிய தொகைக்கான தகராறை இணக்க சபையில் செலவில்லாமல் பேசித் தீர்க்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நாய் தோட்ட நிர்வாகத்துக்கே சொந்தமானது என்றால், ஒரே காயத்துக்கு அதே முதலாளியிடம் இரண்டு வழியிலும் நட்டஈடு வாங்க முடியாது. எந்த வழி நல்லது என்று கேட்டுவிட்டுக் காலடி எடுத்து வையுங்கள்.

நம் வீட்டுப் படலையும்

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். நம் லயத்துக்கும் வருவோம். ஒரு லயத்தில் எத்தனை நாய்கள்? அவற்றில் எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது? சோறு போடும்போது “நம் நாய்”, கடித்தவுடன் “யாருடையதோ தெரியாது”. இந்தப் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901 முதல் இருக்கிறது. அது பங்களாவுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். நம் நாய் தபால்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கடித்தால் பொறுப்பு நம்முடையது. பெட்டைக் குட்டிகளைத் தேயிலைக்குள் கொண்டுபோய் விடுவதை நிறுத்துவோம். அந்தக் குட்டிகள்தான் வளர்ந்து கூட்டமாகப் பெரட்டுப் பாதையில் நிற்கின்றன.

“தோட்டத்துக்குள் எங்களுக்கு வேலையில்லை” என்று பிரதேச சபைகள் பல காலம் சொல்லி வந்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டங்களில் வாழும் மக்களுக்காகவும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. அந்தப் பழைய சாட்டு இனிச் செல்லாது. நாய்களுக்கு ஊசி போடவும் கருத்தடை செய்யவும் நம் டிவிஷன்களுக்கு வரும்படி பிரதேச சபைக்கும், பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கேட்க வேண்டும். வோட்டுக் கேட்டு லயத்து வாசலுக்கு வந்த உறுப்பினர்கள் இதற்கும் வரட்டும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய தயவல்ல. வேலையில் கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாகனம் கொடுங்கள். அன்றைய நாளுக்கு முழுப் பேர் போடுங்கள். விபத்தை விபத்து என்று எழுதுங்கள். குவார்ட்டர்ஸ் நாய்களைப் பெரட்டு நேரத்தில் கட்டி வையுங்கள்.

சங்கத்தின் குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாய் நம்மிடம் வந்தபோது ஐந்து கிழமை கடந்திருந்தது. தோட்டத்தில் நமக்குத் தலைவர் இருந்தார், கமிட்டி இருந்தது, மாதாமாதம் சந்தாவும் வெட்டப்பட்டது. ஆனாலும் இது சங்கத்திடம் சொல்ல வேண்டிய விடயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சாட்சிகளின் வாக்குமூலத்தையும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளையும் சேர்த்து, அவருக்காக எழுதத் தொடங்கியிருக்கிறோம். முடிவு எப்படி வரும் என்று இன்று வாக்குக் கொடுக்க மாட்டோம். முதல் நாளே எழுதியிருந்தால் இந்தப் பாடு பாதியாகியிருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

ஆகவே ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு விபத்துக் கொப்பி வையுங்கள். எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, தலைவர்மாரே, அந்தக் கொப்பியோடு வாருங்கள்.