கலையிலும் ஜாதியா?

உலகில் நிலவும் உயர்வு தாழ்வுகள் போதாவென்று, கலையுலகிலும் சிலர் மேல்ஜாதி கீழ்ஜாதி வகுத்து வைத்திருக்கின்றனர். மன்னனுக்கும் மடத்துக்கும் வரைந்தவன் ஓவியனாம். கடைக்காரனுக்கு வரைந்தவன் வெறுங் கூலியாளாம். மாளிகைச் சுவரில் தொங்குவது கலையாம். பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் வருவது வியாபாரமாம். இத்தீர்ப்பு அறிவுக்குப் பொருந்துவதுதானா என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராயக் கருதுகிறோம். எடுத்துக்காட்டு மிகச் சிறியது. ஆடவர் சட்டையின் கழுத்தைச் சுற்றி நிற்கும் காலர் துணியே அது.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ட்ராய் நகரில், 1827 ஆம் ஆண்டில் ஹன்னா மாண்டேகு என்னும் இல்லத்தரசி, தம் கணவரின் சட்டையில் கழுத்துப் பகுதி மட்டுமே விரைவில் அழுக்கேறுவதைக் கண்டார். அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் துவைத்து, மீண்டும் தைத்தார் என்பர். கழற்றி மாட்டும் காலர் பிறந்த கதை இதுவே. ஒரு பெண்ணின் வீட்டுத் தந்திரம் நாளடைவில் பெருந் தொழிலாயிற்று. ட்ராய் ‘காலர் நகரம்’ எனப் பெயர் பெற்றது. அந்நகரத்துக் குளூயட் பீபாடி கம்பெனியார் ‘ஆரோ’ என்ற பெயரில் விற்ற காலர்களுக்கு 1905 முதல் 1931 வரை விளம்பரச் சித்திரம் தீட்டியவர் ஜே. சி. லெயண்டெக்கர் ஆவார்.

இவர் யார்? ஜெர்மனியில் 1874 இல் பிறந்து, 1882 இல் பெற்றோருடன் சிக்காகோவிற் குடியேறியவர். இளமையிலேயே அச்சுச் சித்திர நிலையமொன்றில் தொழில் பழகி, அந்நகரக் கலைக்கழகத்திற் பயின்று, 1896 இல் பாரிஸ் சென்று ஜூலியன் ஓவியப் பள்ளியிற் கற்றவர். விளம்பரம் தானே என்று அலட்சியமாகக் கிறுக்கியவரல்லர். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி, சிறு சிறு வரைவுகள் பல செய்து, அவற்றைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பின்னரே துணிப்பரப்பில் எண்ணெய் வண்ணம் தீட்டினார். வெள்ளைத் துணியின் மடிப்பில் நீலமும் பழுப்பும் சாம்பலும் ஒளிந்து நிற்பதை அவருடைய தூரிகை காட்டுவது போற் காட்டிய தூரிகைகள் சிலவே. ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு 300க்கு மேற்பட்ட அட்டைச் சித்திரங்கள் வரைந்தவரும் அவரே. ஐந்து சென்ட் கொடுத்து அப்பத்திரிகையை வாங்கிய ஏழைத் தொழிலாளியின் வீட்டிற்குள்ளும் அவர் ஓவியம் நுழைந்தது. எந்த மாளிகை ஓவியன் இதைச் செய்தான் எனக் கேட்கிறோம்.

கூலி பெற்று வரைந்தது கலையாகாது என்பார் முதல் வாதி. நன்று! ரோமாபுரியின் சிஸ்டைன் கோயில் விதானத்தில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்ததும், போப்பாண்டவர் ஜூலியஸ் கட்டளையிட்டுக் கூலி கொடுத்ததனால் அன்றோ? போப்பாண்டவர் கொடுத்த பொன் கலையைப் புனிதமாக்கும், காலர் வியாபாரி கொடுத்த பணம் அதனைத் தீட்டாக்கும் என்பது எந்த நியாயம்? பணத்திலும் தீண்டாமை பார்க்கும் விந்தையை இவர்களிடந்தான் காண்கிறோம்.

பொருளை விற்பதற்காகப் பொய்யழகு காட்டுவது எவ்வாறு கலையாகும் என்பார் இரண்டாம் வாதி. இவ்வாதத்தில் உண்மையுண்டு, அதனை மறைக்க மாட்டோம். காலர் ஒன்றை மாட்டிக்கொண்டால் எளியவனும் கனவானாகி விடுவான் என்ற மயக்கத்தை அச்சித்திரங்கள் ஊட்டின. அவற்றில் நாயகராய் நிற்போர் யாவரும் வெள்ளையர், செல்வர், ஓய்வாய்ச் சாய்ந்திருப்போர். ஆனால் கோழையான அரசனைக் குதிரைமேல் ஏற்றி வீரனாய்க் காட்டிய அரண்மனை ஓவியங்கள் உண்மையையோ உரைத்தன? பொய்யை விற்ற குற்றம் இருவர்க்கும் பொதுவாயின், ஒருவனை மட்டும் கலைக்கூடத்துக்கு வெளியே நிறுத்துவதேன்? நோக்கத்தைக் கண்டியுங்கள், தூரிகையின் திறமையைத் திறமையென்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருங்கே செய்யும் ஆற்றல் பகுத்தறிவுக்கு உண்டு.

இனி, கனவான்களின் தீர்ப்பு எத்தனை உறுதியுடையது என்று பார்ப்போம். லெயண்டெக்கர் 1951 இல் நியூ ரோஷெல் நகரில் காலமானார். அதன்பின் அவர் வீட்டில் நடந்த விற்பனையில் மூல ஓவியங்கள் பல, ஒவ்வொன்றும் 75 டாலருக்கே போயின என்பர். எழுபது ஆண்டுகள் சென்றன. 2021 இல் அவரது 1914 ஆம் ஆண்டு அட்டைச் சித்திரமொன்று, பந்தாட்டத்தில் அடிபட்ட சிறுவனைக் காட்டுவது, ஏலத்தில் 41 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. 2023 இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தார் அவர் ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சியே நடத்தினர். ஓவியத்தில் ஒரு கோடேனும் மாறியதா? இல்லை. மாறியது விலை, விலை மாறியதும் கனவான்களின் கண்ணும் மாறிற்று. அன்று குப்பை என்றவரும், இன்று பொக்கிஷம் என்பவரும் ஓவியத்தைப் பார்த்துப் பேசினரல்லர். பணப்பையைப் பார்த்தே பேசினர்.

ஆதலின், இன்று இச்சித்திரங்களைத் தேடிச் சேர்ப்போரையும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓவியனைக் கீழ்ஜாதியினின்று மீட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அவ்வோவியத்தில் பளபளக்கும் வெண்மை யாருடைய உழைப்பு?

ட்ராய் நகரின் சலவைச்சாலைகளில், கொதிநீரின் ஆவியிலும் காய்ந்த இஸ்திரிப் பெட்டியின் அனலிலும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் நின்று, காலர்களைத் துவைத்துக் கஞ்சியிட்டு மடிப்பெடுத்தவர் பெண்மக்கள். 1864 இல் கேட் முல்லேனி என்னும் இளம்பெண்ணின் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தனர். சுமார் 300 பேர் வேலைநிறுத்தம் செய்து, ஒரு வாரத்துக்குள் 25 சதவீதக் கூலியுயர்வு பெற்றனர். 1869 இல் மீண்டும் போராடித் தோற்றனர், சங்கமும் கலைந்தது. லெயண்டெக்கர் காலர் விளம்பரத்தைத் தொடங்கிய அதே 1905 இல், கஞ்சியிடும் பெண்கள் புதிய இயந்திரங்களை எதிர்த்து அந்நகரில் வேலைநிறுத்தம் செய்தனர். இவர்களுள் ஒருத்தியேனும் அவ்விளம்பரங்களில் இல்லை.

சித்திரத்தில் நின்ற அழகனின் கதியும் அதுவே. பலமுறை அவ்வுருவுக்கு மாதிரியாய் நின்றவர் சார்லஸ் பீச். பெண்கள் பலர் அச்சித்திர புருஷனுக்குக் காதற் கடிதங்கள் எழுதினர். அவர் பெயரோ அவர்களுக்குத் தெரியாது. ஓவியரோடு சுமார் ஐம்பதாண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்த அவரை, ஓவியரின் வாழ்க்கைத் துணைவர் என்றே இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர். அக்காலச் சமூகம் அவ்வுறவை வாய்விட்டுச் சொல்ல இடங்கொடுக்கவில்லை. முகத்தைப் போற்றி மனிதனை மறைத்தது அச்சமூகம்.

அயல்நாட்டான் காலரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று அன்பர் சிலர் கேட்கலாம். பிறர் அணியும் பொருளுக்காக வெயிலிலும் மழையிலும் உழைத்து, அப்பொருளின் விளம்பரத்திலோ வரலாற்றிலோ தம் பெயரைக் காணாத மக்களுக்கு இவ்வினாவுக்கு விடை சொல்லவும் வேண்டுமோ? ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளிக்கும் ட்ராய் நகரத்துச் சலவைப் பெண்ணுக்கும் இடையே கடல் உண்டு. வேறு வேற்றுமை அதிகமில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பழைய விளம்பரச் சித்திரங்களைக் கலையென்றே கொள்க, சேர்த்து வைக்க, காட்சிக்கூடத்தில் மாட்டுக. ஆனால் அதன் கீழே ஓவியன் பெயரும் ஏல விலையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அக்காலரைத் துவைத்தவள் யார், அவள் பெற்ற கூலி எவ்வளவு, அக்கூலிக்காக அவள் எவ்வாறு போராடினாள் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள். ஓவியனுக்கு நீதி கேட்டவர், துவைத்தவளுக்கு அதனை மறுப்பாராயின், அவர் ஜாதியை ஒழித்தவரல்லர்; தமக்கு வேண்டிய ஒருவனை மட்டும் மேல்ஜாதியிற் சேர்த்துக் கொண்டவரே யாவர்.