கோப்பு எந்தப் பெட்டியில் நிற்கிறது?

"எங்க விளம்பரம் என்னங்க ஆச்சு?"

வானொலி நிலையத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வது கடினம். எழுத்துப்படி, வாடிக்கையாளர் ஒப்புதல், ஒலிப்பதிவு, நேர ஒதுக்கீடு என்று பல கைகள் மாறிய பிறகே ஒரு விளம்பரம் ஒலியேறும். விற்பனைப் பிரிவைக் கேட்டால் ஒலிப்பதிவுப் பிரிவைக் கைகாட்டும். யார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற படம் மட்டும் சுவரில் அழகாகத் தொங்கும், பழைய முறைப்படி! உங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பமும் செலவுப் பணமும் படும் பாடும் இதுதானே?

வேலை நகரும் வழியை வரைவதற்கென்றே பிபிஎம்என் என்ற குறியீட்டு முறை இருக்கிறது. இதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளியாகி, 2013இல் ஐஎஸ்ஓ தரநிலையானது. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு. பெட்டி என்றால் வேலை. சாய்சதுரத்தில் பாதை பிரியும். இவ்வளவு தெரிந்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

அந்தப் படத்தை இணையச் செயலிக்குள் கொண்டுவர 'பிபிஎம்என்-ஜேஎஸ்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி உதவுகிறது. பெர்லினைச் சேர்ந்த கமுண்டா நிறுவனத்தின் தயாரிப்பு. கட்டணம் இல்லை. ஆனால் படத்தின் மூலையில் வரும் அவர்களுடைய சின்னத்தை நீக்கக்கூடாது.

இது புகைப்படத்தை ஒட்டுவது போன்றதல்ல. கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துதான். எந்த வேலைக்குப் பின் எது என்பது ஒரு பகுதியிலும், எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்ற அளவுகள் இன்னொரு பகுதியிலும் இருக்கும். உலாவி அதைப் படித்து, எஸ்விஜி கோடுகளாக வரைகிறது. கைப்பேசியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. அளவுகள் இல்லாத கோப்பைக் கொடுத்தால் படமே வராது. இடத்தைத் தானாக ஊகித்து வரைய இதற்குத் தெரியாது. புதிதாக நிரல் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் இது.

பார்க்க மட்டும் ஒரு வகை, நகர்த்திப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு வகை, திருத்தி வரைய ஒரு வகை என மூன்று உண்டு. எல்லாரும் ஆசைப்படுவது மூன்றாவதற்கு. பெரும்பாலான அலுவலகங்களுக்கு இரண்டாவதே போதும் என்பது என் கருத்து. ஆளாளுக்குத் திருத்தினால் எது சரியான படம் என்ற சண்டைதான் மிஞ்சும்.

விண்ணப்பம் இப்போது நிற்கும் பெட்டிக்கு வண்ணம் பூசலாம். '3 நாளாகக் காத்திருக்கிறது' என்று அதன்மேல் சிறு குறிப்பும் ஒட்டலாம். ஆனால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பது இந்த லைப்ரரிக்குத் தெரியாது. வேலையை நடத்தும் மென்பொருள்தான் அதைச் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் உடனுக்குடன் வராவிட்டால், சுவரில் தொங்கிய படம் கணினிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

தகவல் ஒழுங்காக வந்தால் இன்னொரு சிக்கல். எந்தப் பெட்டி வாரக்கணக்கில் சிவப்பாக நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது மேலாளரின் பெட்டியாகவும் இருக்கலாம். கணினிப் பிரிவிடம் போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.