என்ஜினீயருக்கு எதற்கு வரலாறு என்கிறவர்களுக்கு

வாழை விற்ற காசில் பீஸ் கட்டிப் பிள்ளையை என்ஜினீயரிங் சேர்த்த தொட்டியம் பக்கத்து அப்பாக்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “கம்ப்யூட்டர் படிக்கத்தானே அனுப்பினோம், அங்கேயும் தமிழ், வரலாறுன்னு எதுக்கு?” அண்ணா பல்கலைக்கழகம் 2022-இல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு தாள்களை முதலாண்டில் சேர்த்தது. அவற்றைப் பற்றித்தான் பேச்சு. அவர்களுடைய கவலை நியாயமானது. சொல்லும் காரணங்கள் நிற்கவில்லை.

முதலில், நேரம் வீணாகிறது என்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு கிரெடிட். நான்கு வருடப் படிப்பில் இரண்டு கிரெடிட்டால் யாருடைய கம்ப்யூட்டர் படிப்பும் கெட்டுவிடாது.

இரண்டாவது, வேலைக்கு உதவாதாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதப் போகிற பி.இ. பட்டதாரிகளைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த அடுத்த பகுதியிலும் வரலாறும் அரசியலமைப்பும் பண்பாடும் வருகின்றன.

மூன்றாவது காரணம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது: “தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” இரண்டாவது தாளில் நீர்ப்பாசனப் பகுதியில் குமிழித் தூம்பு வருகிறது. சோழர் காலத்து ஏரிகளில் வைத்த மதகு அது. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல் துளை வழியே தண்ணீர் இறங்கும்போதே அடித் துளை வண்டலையும் இழுத்து வெளியே தள்ளும். ஏரி தூர்ந்து போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. இன்றைக்கும் அணைகளுக்குப் பெரும் தலைவலி வண்டல்தான். சிவில் படிக்கிற பிள்ளைக்கு இது சம்பந்தமில்லாத பாடமா?

1836-இல் காவிரியில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று எழுதி வைத்தார். பழையதைப் படித்ததால் அவருடைய பொறியியல் குறைந்து போகவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், காவிரிக்கு அக்கரையில் கரூர்ப் பக்கம் பிறந்தவர் வா.செ.குழந்தைசாமி. நீரியல் அறிஞர், அண்ணா பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராக இருந்தவர். ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு 1988-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். ஒரே ஆளிடம் பொறியியலும் தமிழும் இருந்தன.

இதெல்லாம் வசதியானவர்கள் படிக்கிற படிப்பு, கிராமத்துப் பிள்ளைக்கு ஆகாது என்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எந்தத் துறை இளநிலை மாணவரானாலும் கலை, மானுடப் பண்பாட்டியல், சமூக அறிவியலில் எட்டுப் பாடம் முடித்தால்தான் பட்டம். அங்கே கட்டாயமாக்கியது கொடிக்கால் வேலை செய்கிறவர் மகனுக்கு மட்டும் ஆடம்பரமா? வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியை விட்டால் இவற்றைப் படிக்க வேறு இடம் ஏது?

“ஆசையிருந்தால் முசிறி அரசு கலைக் கல்லூரிக்குப் போகட்டுமே” என்பதும் சரியல்ல. அணை கட்டப் போகிறவனே ஆற்றின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். அவனை வேறு கல்லூரிக்கு அனுப்பி என்ன பயன்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தாள்களை இரண்டு மார்க் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்ய வைத்தால், அப்பாக்கள் சொல்வதுபோல வீண்தான். அதற்குத் தாளை எடுக்க வேண்டியதில்லை, நடத்துகிற விதத்தை மாற்றினால் போதும். தொட்டியத்திலிருந்து முக்கொம்புக்குக் காலையில் பஸ்ஸில் கூட்டிப்போய் மாலையில் திரும்பிவிடலாம். 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்த இடத்தைக் காட்டி, ஏன் இடிந்தது என்று கேளுங்கள். கான்கிரீட் பாடம் மட்டும் படித்தவனால் முழுப் பதில் எழுத முடியாது. அந்த ஆற்றில் மணல் எடுத்த கதை, மதகுகளைப் பராமரித்த கணக்கு, கரையோரத்து விவசாயிகள் சொல்வது என்று எல்லாம் தேட வேண்டிவரும். அந்தத் தேடலை எழுதித் தரச் சொல்லி மார்க் போடுங்கள்.