அழற்சியை அடக்கினால் அல்சைமர் அடங்குமா?

மூளையில் உண்டாகும் அழற்சிதான் அல்சைமருக்கு மூலகாரணம், அதை அடக்கிவிட்டால் மறதி நோய் அண்டாது என்கிறார்கள். யூடியூப் வைத்தியர் முதல் மஞ்சள் மாத்திரை விற்பவர் வரை இதே பல்லவிதான். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தைக் காட்டித்தான் இரண்டாம் பாதியை விற்கிறார்கள்.

அவர்களுடைய பெரிய சான்று, அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரை. அத்தகைய மாத்திரையை நெடுநாள் சாப்பிடும் முடக்குவாதக்காரர்களிடம் அல்சைமர் குறைவாக இருப்பதாகக் கனடாவின் பேட்ரிக் மெக்கீர் குழு 1990இல் எழுதியது. 2001இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்து இன்னும் கவர்ச்சியான செய்தி வந்தது. ஏறத்தாழ 7,000 முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வலி மாத்திரை எடுத்தவர்களுக்கு அல்சைமர் ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இது கவனித்து எழுதிய கணக்கு. மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. நினைவு தடுமாறத் தொடங்கியவர் முழங்கால் வலியைச் சொல்வதே குறைந்துபோகும். அவருக்கு எழுதப்படும் மருந்துச் சீட்டும் குறையும். அப்புறம் மாத்திரை சாப்பிடாததால் நோய் வந்தது போலக் கணக்கு காட்டும்.

கொடுத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்த, 70 வயதைத் தொட்ட 2,500க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பிரிவுக்கு நாப்ராக்சென் என்ற வலி மாத்திரை 220 மில்லிகிராம் காலையும் மாலையும், இன்னொன்றுக்கு செலிகாக்சிப் என்ற வேறொரு வலி மாத்திரை, மூன்றாவதுக்கு வெற்று மாத்திரை. இதயத்துக்கு ஆபத்தோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்தினார்கள். நினைவைக் காத்ததாக எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோன் கொடுத்த சோதனையில் மறதி குறையவில்லை. நடத்தைக் கோளாறுதான் கூடியது.

"காலம் கடந்து கொடுத்தால் எப்படிப் பலிக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே மாண்ட்ரியலில், குடும்பத்தில் அல்சைமர் இருந்த, தமக்கு நினைவுக் குறை ஏதுமில்லாத 195 பேருக்கு நாப்ராக்சென்னும் வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: வித்தியாசமில்லை.

இந்த வாதத்தின் அடிப்படைக் கோளாறு, அழற்சி என்றாலே கேடு என்று நினைப்பது. மூளையின் காவலாளிகளான மைக்ரோக்ளியா செல்கள், அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தைச் சுற்றி அணைபோல நின்று அதை இறுக்கிக் கட்டுகின்றன. அருகிலுள்ள நரம்பிழைகளுக்குச் சேதம் குறைகிறது. ட்ரெம்2 என்ற மரபணு இல்லாத எலிகளில் இந்தக் காவல் சரியாகக் கூடுவதில்லை. படிவம் பரந்து சிதறிக் கிடக்கிறது. அந்த மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ள மனிதர்களுக்கு அல்சைமர் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013இல் ஐஸ்லாந்து ஆய்வு காட்டியது. அதாவது, காவல் தளர்ந்தாலும் ஆபத்து. 2023இல் அமெரிக்கா அனுமதித்த லெகானெமாப் மருந்தும் அமிலாய்டை அகற்ற இந்தச் செல்களின் உதவியைத்தான் நாடுகிறது.

அதற்காகக் காவலை முடுக்கிவிட்டால் போதும் என்றும் பாய வேண்டாம். ட்ரெம்2-ஐத் தூண்டும் மருந்தொன்று 2024இல் மனிதச் சோதனையில் தோற்றது. நோயின் தொடக்கத்தில் படிவத்தை வளைத்துப் பிடிக்கும் அதே செல்கள், பின்னாளில் நரம்பிணைப்புகளையே விழுங்கக்கூடும். எப்போது எதைத் தடுப்பது, எதைத் தூண்டுவது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்று திணறுகிறார்கள்.

இனி, அழற்சியை அடக்கும் என்று சொல்லி விற்கப்படும் மஞ்சள். ஹரியானாவின் பல்லப்கரில் அல்சைமர் குறைவு என்று 2001இல் வந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு, குழம்பு மஞ்சள்தான் காரணம் என்று கிளம்பினார்கள். அந்த ஆய்வு மஞ்சளை அளக்கவே இல்லை. மஞ்சளின் செயற்பொருளாகச் சொல்லப்படும் குர்குமின், மஞ்சள் தூளில் எடைக்குச் சுமார் 3 சதவீதம்தான். குடல் உறிஞ்சுவது சொற்பம், உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். அல்சைமர் வந்த 36 பேரை வைத்து நடந்த சோதனையிலும் குர்குமின் மாத்திரையால் பலன் தெரியவில்லை. மஞ்சள் இல்லாமல் சமைக்காத இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.