உறையும் பனுவலே

பாடல்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் பெரும்பாலும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பொருள் காண்கின்றனர். இசைத்தட்டின் உறை, வெளியிட்ட நிறுவனம், வெளியான நாள் ஆகியவை நூலகப் பட்டியலுக்குரிய செய்திகளாக ஒதுக்கப்படுகின்றன. இப்பழக்கத்தால் நேரும் இழப்பை உணர, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பிரித்தானிய பங்க் ராக் குழு 1977-இல் வெளியிட்ட 'காட் சேவ் தி குயின்' என்ற ஒற்றைப் பாடல் இசைத்தட்டைப் பார்த்தால் போதும்.

இப்பாடலுக்கு முதலில் இருந்த பெயர் 'நோ ஃபியூச்சர்'. பின்னர் இடப்பட்ட தலைப்பு, பிரித்தானிய நாட்டுப்பண்ணின் தலைப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்தது. பட்டியலில் அத்தலைப்பை மட்டும் காண்பவருக்கு வாழ்த்து எது, எள்ளல் எது என்பது விளங்காது. சொற்கள் மறைத்த அந்த வேறுபாட்டை உறை காட்டிவிடுகிறது.

ஜேமி ரீட் வடிவமைத்த உறையில், பீட்டர் க்ரூஜன் எடுத்த அரசி இரண்டாம் எலிசபெத்தின் ஒளிப்படம் நீலத்திலும் வெள்ளி நிறத்திலும் அமைந்துள்ளது. அது அரசியின் வெள்ளி விழா ஆண்டு. கண்களை மறைத்துப் பாடலின் தலைப்பு. வாயை மறைத்துக் குழுவின் பெயர். இரண்டும் நாளேடுகளிலிருந்து வெட்டி ஒட்டிய எழுத்துகளின் தோற்றம் கொண்டவை. பணம் கேட்டு வரும் மிரட்டல் கடிதத்தின் சாயல் உடையவை. மிரட்டுபவன் தன் கையெழுத்தை மறைக்கவே பிறருடைய அச்செழுத்தை எடுத்தாள்கிறான். இங்கும் தொடர் நாட்டுப்பண்ணினுடையது, எழுத்துகளின் தோற்றம் நாளேட்டினுடையது. அவற்றை ஒட்டிய இடம் ஒன்றே கலைஞருடையது. 'இது எம் சொல் அன்று' என உணர்த்த உரைநடையில் மேற்கோள் குறி செய்யும் வேலையை இங்கே வெட்டெழுத்து செய்கிறது.

வெளியீட்டு வரலாறும் இவ்வாறே படிக்கத் தக்கது. ஏ அண்ட் எம் நிறுவனம் 1977 மார்ச் 10 அன்று பக்கிங்காம் அரண்மனைக்கு வெளியே ஒப்பந்தக் காட்சியை அரங்கேற்றியது. ஒரு வாரத்திற்குள் குழுவை விலக்கி, அச்சிட்ட தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. அரசியின் முகம் தாங்கிய உறையுடன் வெர்ஜின் நிறுவனம் மே 27 அன்று பாடலை வெளியிட்டது. விழாக் கொண்டாட்டம் உச்சம் தொட்ட ஜூன் 7-க்கு அப்போது பதினொரு நாள்களே இருந்தன. பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலில் பாடல் 2-ஆம் இடத்தில் நின்றது. என்எம்இ இதழின் பட்டியலில் முதலிடம் பெற்றது. சில கடைகளின் பட்டியல்களில் அதன் பெயர் இருக்க வேண்டிய வரி வெற்றிடமாக விடப்பட்டது. மறைக்க விட்ட அவ்வெற்றிடமும் படிக்கப்பட்டது.

உறை வெறும் விளம்பர உத்தி, மேலாளர் மால்கம் மெக்லாரனின் வணிகத் தந்திரம் என்று மறுப்போர் உண்டு. வணிக நோக்கம் இருந்தது உண்மையே. ஆயினும் விற்பதற்காகச் சொன்ன சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போவதில்லை. 2022-இல் அரசியின் பிளாட்டின விழாவை ஒட்டி அதே பாடல் மீண்டும் வெளியானபோது, அதைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கினர். சொற்கள் மாறவில்லை, உறையிலிருந்த முகமும் மாறவில்லை. காலம் மாறியதால் அறைகூவல் நினைவுப்பொருளாயிற்று. கூற்றின் பொருளைச் சூழலே முடிக்கிறது என்று வகுப்பறையில் பயில்பவர்கள், பாடலை ஆயும்போது மட்டும் அதை மறப்பது முறையாகாது.

இன்று கைப்பேசியில் இப்பாடலைக் கேட்போருக்கு உறை கட்டைவிரல் அளவுப் படம். வெளியான நாள் பெரும்பாலும் ஓர் ஆண்டெண் மட்டுமே. எனவே, இனி ஒரு பாடலை ஆய்பவர் எந்தப் பதிப்பு, எந்த உறை, எந்த நாள் என்பதை ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே குறிக்க வேண்டும். வரிகளின் பொருளுரை அதன் பின்னரே தொடங்கட்டும்.