தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தர்மபுரி மாவட்டத்தில் எது கெட்டாலும் ஃப்ளோரைடு மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பல்லில் கறை என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மீன் செத்ததற்குமா ஃப்ளோரைடு?

நான்கு வருடம் எங்களோடு இருந்த கோல்டுஃபிஷ் போன வாரம் போய்விட்டது. அதற்குத் துணையாக இரண்டு மீன் வாங்கினேன். "பதினைந்து நாள் தனியா வச்சுப் பார்த்ததுதான் சார்" என்றார் கடைக்காரர். நான்காம் நாள் புது மீன்களின் துடுப்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பிறகு பழையதற்கும் வந்தது. ஒன்பதாம் நாள் மூன்றும் இல்லை. போய்க் கேட்டால், "உங்க ஊட்டுத் தண்ணி சரியில்ல, ஃப்ளோரைடு" என்கிறார். அதே தண்ணீரில்தானய்யா பழைய மீன் நான்கு வருடம் நீந்தியது!

அந்தப் புள்ளி தண்ணீரால் வருவதல்ல. இக்தியோஃப்திரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து தின்று கொழுத்து, கீழே விழுந்து கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து மறுபடி மீனைத் தேடி நீந்தும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்துக்குள் இந்தச் சுற்று முடிந்துவிடும். மருந்து கொல்வது நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதைத் தொடாது. "ரெண்டு நாள் ஊத்துங்க, போதும்" என்று நீல மருந்தை விற்பது மருத்துவமா, வியாபாரமா? பதினைந்து நாள் உண்மையிலேயே தனியே வைத்திருந்தால் புள்ளி கடையிலேயே தெரிந்திருக்கும். அங்கே நான் பார்த்தது, எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை.

2017இல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதில் நடைமுறைக்கு ஒவ்வாதவை இருந்தன, மறுக்கவில்லை. அதற்காக ஒரு விதியுமே வேண்டாமா? கோழிக்குஞ்சு நோயோடு விற்றால் சண்டைக்குப் போகிறோம். மீன் என்றால் மட்டும், "மீன்தானே சார், வேற வாங்கிக்கலாம்." என் தம்பியே போனில் இப்படித்தான் சொன்னான்.

அடுத்து வாங்குபவர்கள், மீன் கடைக்கு வந்த தேதியைக் கேளுங்கள். ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

எந்தக் கடை என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.